மாத்திரையை நிறுத்தும் தேதி



மூளை அறுவை பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசப் போகிறேன். நோயாளி பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, சமையலறை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடக்கும் இரண்டு மாத்திரை அட்டைகளைப் பற்றித்தான் என் பேச்சு. ரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் அந்த மாத்திரைகளை எப்போது தொடங்கினார்கள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எதை நிறுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், யார் சொல்லி நிறுத்த வேண்டும் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பல லட்சம் செலவழித்துக் காப்பாற்றிய உயிர் மறுபடி ஆபத்துக்குள் போவது இந்த இடத்தில்தான்.

இதைச் சித்தூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்த ஊர் இது. தனி மாவட்டமானது, பிறகு மொழிவழி மாநிலம் வந்தது, 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. கோடுகள் மாறினாலும் நோயாளி போகும் வழி மாறவில்லை. தலைவலி என்றால் வேலூர் போகப் பாகாலாவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு நியாயமும் உண்டு. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில்தான். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடு 1993இல் செயல்படத் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனை திருப்பதியிலேயே இருக்கிறது. ஆக, பெரிய சிகிச்சைக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, தெலுங்குப் பலகை மாட்டிய கடையில் வாங்கப்படுகிறது, தமிழ் பேசும் வீட்டில் விழுங்கப்படுகிறது. இந்த மூன்று கைமாற்றத்தில் தொலைந்துபோவது ‘எவ்வளவு நாள்’ என்ற ஒரே ஒரு விவரம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடிப்புறத்தில் தமனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் போல் அமைந்திருக்கின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1664இல் அதை விவரித்து எழுதினார். அதனால் வில்லிஸ் வளையம் என்று பெயர். தமனிகள் கிளை பிரியும் இடத்தில் சுவர் நைந்திருந்தால், பழைய சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது நைந்த இடம் மட்டும் புடைப்பது போல, அங்கே ஒரு புடைப்பு உண்டாகும். அதுதான் அனூரிசம். பெரியவர்களில் 100 பேரை எடுத்தால் சுமார் 3 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது வெடிப்பதில்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும், வாந்தி வரும், கழுத்து விறைக்கும், நினைவு தப்பும். பீடியும் சிகரெட்டும் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பும் இதை வளர்க்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம்.

புடைப்பை அடைக்க மூன்று வழிகள் உண்டு. வந்திருப்பவர்களில் யார் வீட்டிலாவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால் எந்த வழி என்பதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மாத்திரைக் கணக்கு அதைப் பொறுத்தது.

மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் சிறு உலோகக் கிளிப் போடுவது முதல் வழி. அமெரிக்காவில் வால்டர் டாண்டி 1937இல் தொடங்கி வைத்தது. கிளிப் போட்டவருக்கு, அந்தக் கிளிப்புக்காக என்று ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இடுப்பு மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளை நிரப்புவது இரண்டாவது வழி. கைடோ குக்லியெல்மி 1990இல் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். 2002இல் வெளிவந்த, 2143 நோயாளிகளைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வில், இரண்டு முறைக்கும் ஏற்றவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, புடைப்பு வெடித்த நோயாளிகளில் ஓராண்டுக்குள் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் கிளிப் பிரிவில் 30.6 சதவீதம், சுருள் பிரிவில் 23.7 சதவீதம். அதன் பிறகுதான் உலகம் முழுக்கச் சுருள் சிகிச்சை பரவியது. சுருள் மட்டும் வைத்தவருக்கு மாத்திரை குறைவு. சிலருக்குக் கொஞ்ச நாள் ஆஸ்பிரின், சிலருக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது வழியில்தான் சிக்கல். புடைப்பின் வாய் அகலமாக இருந்தால் சுருள் நழுவித் தமனிக்குள் வந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க தமனிக்குள்ளேயே உலோக வலையால் ஆன ஸ்டென்ட் வைக்கிறார்கள். அல்லது, நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாய் ஒன்றை மட்டும் வைத்து, ரத்தம் புடைப்புக்குள் சுழலாமல் நேராக ஓடும்படி செய்கிறார்கள். இதற்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. இப்போது நம் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். வலை வைத்த அன்றே புடைப்பு அடைபடாது. அந்தச் சாதனத்தின் முதல் பெரிய ஆய்வில் 6 மாதத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கும், ஓராண்டில் 87 சதவீதம் பேருக்கும்தான் முழுதாக அடைபட்டிருந்தது. அதுவரை ஓடும் ரத்தத்தின் நடுவே ஒரு உலோகப் பொருள் இருக்கிறது. உலோகத்தைக் கண்டால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டும். ஒட்டினால் கட்டி உருவாகும். கட்டி நகர்ந்தால் பக்கவாதம். தமனியின் உட்தோல் வளர்ந்து அந்த வலையை மூடும் வரை தட்டணுக்களைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரைகள். சிகிச்சைக்குச் சில நாள் முன்பே தொடங்கிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஓராண்டு. பிறகு குளோபிடோக்ரெலை நிறுத்தி ஆஸ்பிரினை மட்டும் நெடுங்காலம் தொடர்வது பொதுவான வழக்கம்.

இதில் உள்ள நெருக்கடியைப் பாருங்கள். மூளையில் ரத்தம் கசியக்கூடிய ஒரு நோய்க்குச் சிகிச்சை செய்துவிட்டு, ரத்தம் கசிவதை எளிதாக்கும் மருந்தைக் கொடுக்கிறோம். புடைப்பு ஏற்கெனவே வெடித்து வந்தவருக்கு முடிந்தவரை ஸ்டென்ட் இல்லாமல் சமாளிக்கவே மருத்துவர்கள் பார்ப்பார்கள். அவருக்கு மூளையில் நீர் கோத்துக்கொண்டால் குழாய் செருகி வடிக்க வேண்டி வரும். இரண்டு மாத்திரையும் உடம்பில் இருக்கும்போது குழாய் போகும் தடத்திலேயே ரத்தம் கசியலாம். மாத்திரை கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். இந்த எடைபோடலைச் செய்ய வேண்டியவர் சிகிச்சை செய்த மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரரும் ஊரில் ஊசி போடுகிறவரும் அதைச் செய்யக் கூடாது.

மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். நகரி பக்கம் தறி ஓட்டும் குடும்பத்து அம்மா ஒருவர். வயது ஐம்பதுக்கு மேல். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஸ்டென்ட்டோடு சுருள் வைத்து நன்றாகத் தேறி வந்தவர். வலது கை வராமல், பேச்சு குழறிய நிலையில் அவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். கணவரிடம் மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். “ஆறு மாசம்தான்னு சொன்னாங்க சார். ஆறு மாசம் முடிஞ்சுது, நிறுத்திட்டோம்” என்றார். எதை நிறுத்தினீர்கள் என்றால், “ரெண்டையும்தான்” என்றார். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 6 மாதத்துக்குப் பின் ஒரு மாத்திரை மட்டும் தொடர வேண்டும் என்று நான்காம் பக்கத்தின் கடைசியில் ஒரே வரி, ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில். 1-0-1 என்று போட்டால் காலையும் இரவும் என்று நம் மக்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரியும். அந்த ஒரு வரியை அந்த வீட்டில் யாரால் படிக்க முடியும்?

இன்னொரு காட்சி இதற்கு நேர்மாறானது. நிறுத்தவே சொல்லவில்லை என்று இரண்டு மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருந்து, தார் போலக் கறுப்பாக மலம் போய், ரத்தம் பாதியாகக் குறைந்து மயங்கி விழுந்து வருகிறவர்கள். பழைய சீட்டை நீட்டினால் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே மருந்துக்கடைத் தம்பிமார்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறீர்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உங்களிடம் தங்கிவிடும் பாதியில் இருக்கின்றன. விபத்து அறைக்கு வந்து படுத்திருப்பவரின் பையில் பெயரில்லாத நான்கு மாத்திரைகளைப் பார்த்தால் நாங்கள் என்ன முடிவு எடுப்பது? இந்த இரண்டு மருந்துகளையாவது முழு அட்டையாகக் கொடுங்கள்.

அடுத்தது கேஸ் மாத்திரை. நம் ஊரில் எந்த மாத்திரை எழுதினாலும் கூடவே வயிற்றுக்கு ஒன்று கேட்டு வாங்குவது பழக்கமாகிவிட்டது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு வயிற்றைக் காக்கும் மாத்திரை தேவைதான். ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். குளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்து இல்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் அது தட்டணுக்களைக் கட்டும். ஒமிப்ரசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பான்டோபிரசோலுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. இன்னொன்று, அந்த நொதியே சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் இது அதிகம்; இந்தியர்களிலும் கணிசமானவர்களுக்கு உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாலும் போதிய பலன் கிடைக்காது. அமெரிக்காவில் 2010இல் மருந்தின் விவரத்தாளிலேயே இது கட்டம் கட்டிய எச்சரிக்கையாகச் சேர்க்கப்பட்டது. ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம்; மாற்று மருந்துகளும் உள்ளன. ஸ்டென்ட் வைக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

வலி மாத்திரையும் ஊசியும் அதே அளவு ஆபத்து. மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் ஊசி போட்டுக்கொள்வது நம் கிராமங்களில் டீ குடிப்பது மாதிரி சாதாரணமாக நடக்கிறது. ஆஸ்பிரினோடு அது சேர்ந்தால் குடல் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டும். இபுப்ரோபென் இன்னொரு விதத்திலும் கெடுதல்: ஆஸ்பிரினுக்கு முன்னால் அதை விழுங்கினால் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம், தட்டணு எண்ணிக்கை இறங்கலாம். அன்றைக்கே ரத்தம் பார்த்து, இந்த மாத்திரைகள் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

பல் பிடுங்கப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். சாதாரணமாக ஒரு பல் எடுக்க நிறுத்தத் தேவையில்லை; பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் ரத்தத்தை நிறுத்திவிடலாம். ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைக் கட்டினால் அதன் ஆயுள் முழுவதும், அதாவது 8 முதல் 10 நாள் வரை, கட்டியதுதான். மாத்திரையை விட்டால் தினம் பத்தில் ஒரு பங்கு புதுத் தட்டணுக்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் மறந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. “ஒரு நாள் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற தைரியத்தில் ஒரு வாரம் விடும்போதுதான் வலைக்குள் கட்டி உருவாகிறது.

இனி நம் ஊர்க் காரியங்கள். தலையில் அறுவை என்றால் ஏழுமலையானுக்கு முடி காணிக்கை நேர்ந்துகொள்ளாத வீடு இந்தப் பக்கம் உண்டா? பிழைத்து எழுந்ததும் முதல் பயணம் திருமலைக்குத்தான். யாரையும் போக வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. மூன்று விஷயம் மட்டும் சொல்வேன். கிளிப் போட்டவருக்கு மண்டையில் தையல் தழும்பு முழுதாக ஆறிய பிறகு போகலாம் என்று மருத்துவர் சொல்லட்டும். முடி எடுக்கும் கல்யாணக்கட்டையில் உட்காரும்போது, தழும்பு இருக்கிறது, ரத்தம் நிற்க நேரமாகும் மருந்து சாப்பிடுகிறேன், மெதுவாக எடுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிடுங்கள். கீறல் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மூன்றாவது, மாத்திரையைப் பையில் வைக்காதீர்கள். பையையும் போனையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசைக்குள் போகிறோம். கூட்டமான நாளில் வைகுண்டம் வளாகத்துக் கூடத்தில் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். இரவு மாத்திரை பையிலேயே கிடக்கும். சட்டைப் பையில், முந்தானை முடிச்சில் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்துக்கும் இதே பேச்சு. சோறு வேண்டாம் என்றால் சரி, மாத்திரையை விரதத்தில் சேர்க்காதீர்கள். வெறும் வயிற்றில் எப்படிச் சாப்பிடுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமலைக்கு நடந்து ஏறும் அலிபிரி வழியில் 3,550 படிகள். படியில் வழுக்கி விழுந்து தொடை வீங்கினால் நேராக எலும்புமுறிவுக்குக் கட்டும் புத்தூர் கட்டுக்குப் போவது மூன்று மாநிலத்து மக்களின் பழக்கம். அந்த வைத்தியர்களின் கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொடையெலும்பு முறிந்தால் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கலாம். இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிகம். அதன் மேல் இறுக்கிக் கட்டினால் காலுக்கு ஓடும் ரத்தமே தடைப்படும். இவர்கள் முதலில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். தலையில் அடிபட்டாலோ, வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே ஸ்கேன். வயதானவர்களுக்கு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் மெல்ல மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் சேரும் ரத்தம் உண்டு. “அப்பா ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்கார்” என்று அதன் அறிகுறியைத்தான் வீட்டில் சாதாரணமாகச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னது தட்டணுக்களைக் கட்டும் மருந்து பற்றி. வேறொரு வகை, வார்பரின், அசினோகூமரால். இதய வால்வு மாற்றியவர்களும் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் சாப்பிடுவது. கறவை மாட்டை நம்பி வாழும் மாவட்டத்தில் இதன் பிறப்பைச் சொல்லியே ஆக வேண்டும். 1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்துப்போன ஒரு கிடேரியையும் பால் கேனில் உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு பனிப்புயலில் ஓட்டி வந்து கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் முன் வைத்தார். பூசணம் பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தீவனத்திலிருந்து லிங்க்கின் குழு பிரித்தெடுத்த பொருளின் வழியில் வந்ததுதான் வார்பரின். முதலில் எலி மருந்து. 1954இல் மனிதருக்கு அனுமதி. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கொடுக்கப்பட்டது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை இல்லாமல் இதைச் சாப்பிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டியோட்டுகிற வேலை. முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும், மறு வாரம் அறவே இல்லை என்று சாப்பிட்டால் அளவு தாறுமாறாகும். கீரையை விட வேண்டாம். வாரந்தோறும் ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

அனூரிசம் வந்தவர் இந்த வகை மருந்தை இனி தொடவே கூடாதா என்று கேட்பார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜோ பைடன் கதையைச் சொல்வேன். 1988 பிப்ரவரியில் செனட்டராக இருந்தபோது அவருக்குப் புடைப்பு கசிந்து மூளை அறுவை நடந்தது. தேறிக்கொண்டிருந்தபோது காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. இரண்டாவது புடைப்புக்கான அறுவை தள்ளிப்போய் மே மாதம் நடந்தது. கசிவும் உறைவும் சில வாரங்களுக்குள் ஒரே மனிதரிடம். பிற்காலத்தில் இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையை அவர் தொடர்ந்து சாப்பிட்டதை அவருடைய மருத்துவ அறிக்கைகளே சொல்கின்றன. புடைப்பு முழுதாக அடைபட்டிருப்பது உறுதியானால் காலப்போக்கில் இந்த மருந்து பலருக்குச் சாத்தியம்தான். அடைபடாமல் மிச்சம் இருந்தால் கணக்கு வேறு.

மருத்துவ நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். நோயாளி படுக்கையை விட்டு எழுந்து போகும் முன் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றைக் கொடுங்கள். ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். கிளிப்பா, சுருளா, ஸ்டென்ட்டா, வைத்த தேதி, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா; இரண்டு மாத்திரைகளின் பெயர், அளவு; இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். பிறகு இரண்டு மாத்திரைக்கும் தனித்தனியாக நிறுத்தும் தேதி. ‘6 மாதம்’ என்று போடாமல் நாள், மாதம், ஆண்டோடு போடுங்கள். தொடர வேண்டிய மாத்திரைக்கு எதிரே ‘நிறுத்தக் கூடாது’ என்று போடுங்கள். வலை மூடிக்கொண்டதா, புடைப்பு அடைபட்டதா என்று ஆஞ்சியோகிராமில் பார்த்த பிறகுதானே நாம் மாத்திரையைக் குறைக்கிறோம்? அதனால் ஆறாம் மாத ஆஞ்சியோகிராம் தள்ளிப்போனால் நிறுத்தும் தேதியும் தள்ளிப்போகும், அதுவரை இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டே எங்களைக் கூப்பிடுங்கள் என்பதையும் அந்தத் தேதிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.